மாசசூசெட்ஸ் ஊர்ச் சுகாதார வாரியத் தேர்தல்: வாக்களிப்பது முதல் போட்டியிடுவது வரை முழுமையான வழிகாட்டி

2024 ஆகஸ்ட் கடைசியில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் ஒருவருக்குக் கொசு மூலம் பரவும் மூளைக்காய்ச்சல் வந்தது. 'ட்ரிபிள் ஈ' என்று இங்கே சொல்லும், உயிரையே எடுக்கக்கூடிய நோய். சாயங்காலம் 6 மணிக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம், அக்டோபர் பிறந்ததும் 5 மணிக்கே வீட்டுக்குள் போய்விடுங்கள், முதல் கடும் உறைபனி விழும்வரை இப்படியே இருங்கள் என்று ஊர் மக்களுக்குப் பரிந்துரை வந்தது. பள்ளி விளையாட்டு நேரங்களைக்கூட மாற்றவேண்டிய நிலை. அந்தப் பரிந்துரைக்கு ஆதரவாக வாக்களித்தது ஊரின் சுகாதார வாரியம்.

பாஸ்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் நம்மவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். ஜனாதிபதித் தேர்தல் என்றால் எல்லாருக்கும் தெரியும், பள்ளிக் குழுத் தேர்தல் என்றால் பிள்ளைகளுக்காகவாவது கவனிப்பார்கள். சுகாதார வாரியத் தேர்தல் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வாக்குச்சீட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். நம் தண்ணீர், நம் கழிவுநீர், நாம் சாப்பிடும் கடை, நம் தெருக்கோடியில் விற்கும் சிகரெட் எல்லாம் இந்த வாரியத்தின் கையில் இருக்கும்போது இந்த அலட்சியம் நமக்கு நல்லதல்ல. அதனால்தான் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எழுதுகிறேன்.

வாரியம் என்னதான் செய்கிறது?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பொதுச் சுகாதாரத்தை மாவட்ட அளவில் கவுண்டி நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். மாசசூசெட்ஸில் அப்படி இல்லை. இங்கே நகரங்களும் ஊர்களுமாக மொத்தம் 351. சுகாதாரப் பொறுப்பு அந்தந்த ஊரிடமே இருக்கிறது. இது இன்று நேற்று வந்த ஏற்பாடு அல்ல. பாஸ்டன் சுகாதார வாரியம் 1799-ல் அமைந்தபோது அதன் முதல் தலைவராக இருந்தவர், சுதந்திரப் போரில் குதிரையேறிச் செய்தி சொன்ன பால் ரிவியர்.

மாநிலச் சட்டத் தொகுப்பின் 111-ஆம் அத்தியாயம், 31-ஆம் பிரிவு, ஊர்ச் சுகாதார வாரியத்துக்கு நியாயமான சுகாதார விதிமுறைகளைத் தானே வகுக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. மூன்று பேர் வாரியம் என்றால் இரண்டு பேர் கை தூக்கினால் போதும், விதி வந்துவிடும். ஊர் மக்கள் கூடும் டவுன் மீட்டிங்கின் ஒப்புதல்கூடத் தேவையில்லை. விதியின் சுருக்கத்தைச் செய்தித்தாளில் ஒருமுறை வெளியிட்டால் ஊர் முழுக்கத் தெரிவித்ததாகக் கணக்கு.

இந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று. 1902-ல் கேம்பிரிட்ஜில் பெரியம்மை பரவியபோது அங்குள்ள சுகாதார வாரியம் எல்லாரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியார் மறுத்தார். 5 டாலர் அபராதம். அவர் விடாமல் வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனார். 1905-ல் நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தடுப்பூசி பற்றிய வழக்கு எது வந்தாலும் இன்றுவரை அந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசுகிறார்கள்.

புதிய உதாரணம் புகையிலை. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு சிகரெட் விற்கக் கூடாது என்ற விதியை நாட்டிலேயே முதலில் கொண்டுவந்த ஊர் நீடம். அது 2005-ல் முழுமையாக அமலுக்கு வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் அதைச் சட்டமாக்கியது 2018-ல், நாடு முழுவதற்கும் வந்தது 2019 கடைசியில். ஓர் ஊர் வாரியம் தொடங்கியதை நாடு பின்பற்ற 14 வருடம் ஆகியிருக்கிறது. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் புகையிலை விற்கக் கூடாது என்ற விதியை புரூக்லைன் ஊர் 2020-ல் கொண்டுவந்தது. அது டவுன் மீட்டிங் வழியாக வந்த விதி. 2024 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அதன்பிறகு வேறு பல ஊர்களில் சுகாதார வாரியங்களே அதே மாதிரி விதியைக் கொண்டுவந்துவிட்டன.

எல்லா முயற்சியும் ஜெயிப்பதில்லை. 2014 நவம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் ஊர் வாரியம் புகையிலை விற்பனையையே மொத்தமாகத் தடை செய்யலாம் என்று வரைவு போட்டது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள் திரண்டு வந்து, கூச்சலில் கூட்டத்தைப் பாதியிலேயே முடிக்கவேண்டியதாகிவிட்டது. அடுத்த வாரம் வாரியம் 2-க்கு 1 என்ற வாக்கில் வரைவைக் கைவிட்டது. ஒரே ஒரு ஆளின் வாக்கு மாறியிருந்தால் கதையே வேறு. இந்தத் தேர்தலில் ஒரு நாற்காலிக்கு என்ன கனம் என்று இதில் தெரிகிறது.

அன்றாட வேலைகள் இதைவிட அமைதியானவை. உணவகங்களுக்கு அனுமதி கொடுப்பது, சோதனை போடுவது, வாடகை வீடுகள் மனிதர் வாழத் தகுந்தவையா என்று பார்ப்பது, எலித்தொல்லை, தொற்றுநோய்க் கண்காணிப்பு, அப்புறம் செப்டிக் டேங்க். நம்மவர்கள் வீடு வாங்கும் பல ஊர்களில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக்தான். 'டைட்டில் 5' என்ற மாநில விதிப்படி, பொதுவாக வீடு கைமாறுவதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் செப்டிக் சோதனை நடந்திருக்க வேண்டும். அதில் தோற்றால் செலவு ஆயிரக்கணக்கான டாலர். விதியிலிருந்து விலக்கு கேட்டு நீங்கள் போய் நிற்கப்போவது இந்த வாரியத்தின் முன்னால்தான். வீட்டில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கவேண்டும் என்றாலும் இங்கிருந்துதான் அனுமதி வாங்கவேண்டும். சாம்பார், சட்னி போலக் குளிர்பெட்டியில் வைக்கவேண்டியவற்றை வீட்டு அடுப்பில் செய்து விற்க அனுமதி கிடைக்காது. கோயில் விழாவிலோ தமிழ்ச் சங்க விழாவிலோ பொதுமக்களுக்கு உணவு விற்பதானால் தற்காலிக அனுமதிக்கும் இதே அலுவலகம்தான்.

படி 1: உங்கள் ஊரில் தேர்தல் உண்டா?

எல்லா இடத்திலும் கிடையாது. நகரங்களில் பொதுவாக மேயர் நியமிப்பார். ஊர்களில் மூன்று வகை உண்டு. சில ஊர்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெஸ்ட்ஃபோர்டிலும் செம்ஸ்ஃபோர்டிலும் அப்படித்தான். சில ஊர்களில் நிர்வாகக் குழுவான செலக்ட் போர்டோ ஊர் மேலாளரோ நியமிக்கிறார்கள். இன்னும் சில சின்ன ஊர்களில் செலக்ட் போர்டே சுகாதார வாரியமாகவும் உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் ஊர் எந்த வகை என்று, ஊரின் ஆவணங்களையும் தேர்தலையும் கவனிக்கும் டவுன் கிளார்க் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். ஊரின் இணையதளத்தில் போன வருட வாக்குச்சீட்டின் மாதிரி இருந்தால் அதையும் பாருங்கள்.

நியமன ஊர் என்றால் சோர்ந்துவிட வேண்டாம். காலியிடம் வரும்போது விண்ணப்பம் கேட்பார்கள். பல இடங்களில் விண்ணப்பிக்க ஆள் கிடைப்பதே கஷ்டம்.

தேர்தல் வழியாக வரும் வாரியத்தில் பெரும்பாலும் 3 பேர் அல்லது 5 பேர். பதவிக்காலம் 3 வருடம். எல்லா இடமும் ஒரே சமயத்தில் காலியாவதில்லை. 3 பேர் வாரியத்தில் வருடத்துக்கு ஒரு இடம் தேர்தலுக்கு வரும். அதனால் ஒரே தேர்தலில் வாரியத்தையே புரட்டிப்போட முடியாது. ஆனால் 2-க்கு 1 என்று பிரிந்து கிடக்கும் வாரியத்தை ஒரே தேர்தல் திருப்பிவிடும்.

படி 2: வாக்காளராகப் பதிவு செய்வது

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஊர்த் தேர்தலிலும் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். சொத்து வரி கட்டுகிறோமே, கிரீன் கார்டு இருக்கிறதே என்று நினைத்துப் பதிவு செய்துவிடாதீர்கள். குடியுரிமை விண்ணப்பப் படிவத்திலேயே, 'எப்போதாவது வாக்களிக்கப் பதிவு செய்திருக்கிறீர்களா, வாக்களித்திருக்கிறீர்களா' என்ற கேள்வி இருக்கிறது. தெரியாமல் செய்தாலும் குடியேற்ற விஷயத்தில் பெரிய சிக்கலாகிவிடும். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது நீட்டும் காகிதங்களையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கும் வழி அடைபடவில்லை. வாரியக் கூட்டங்கள் எல்லாருக்கும் திறந்தவை, போய் உட்காரலாம். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசலாம், கடிதம் எழுதலாம். ஊர்வாசி பேசுகிறார் என்பதுதான் அங்கே கணக்கு.

குடியுரிமை உள்ளவர்கள் தேர்தலுக்கு 10 நாள் முன்புவரை பதிவு செய்யலாம். 2022-ல் வந்த சட்டத் திருத்தத்துக்கு முன்னால் இது 20 நாளாக இருந்தது. தேர்தல் நாளில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 16, 17 வயதுப் பிள்ளைகள் முன்பதிவு செய்துவைக்கலாம். வருடா வருடம் ஜனவரி வாக்கில் ஊரிலிருந்து ஒரு கணக்கெடுப்புப் படிவம் வருமே, அதை விளம்பரத் தபாலோடு குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதற்குப் பதில் போடாவிட்டால் உங்கள் பெயர் 'செயலற்ற வாக்காளர்' பட்டியலுக்குப் போய்விடும். அப்போதும் வாக்களிக்கலாம்தான், ஆனால் வாக்குச்சாவடியில் அடையாள அட்டை காட்டி, உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு, வரிசையில் நேரம் வீணாகும்.

படி 3: யாருக்குப் போடுவது?

பெரும்பாலான ஊர்களில் இது கட்சி சார்பில்லாத தேர்தல். பெயருக்குப் பக்கத்தில் கட்சிப் பெயர் இருக்காது. தொலைக்காட்சி விளம்பரம் வராது. நாமாகத் தேடித்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஏற்கெனவே பதவியில் இருப்பவர் மறுபடி நின்றால் வேலை சுலபம்: வாரியக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் பொது ஆவணங்கள். பல ஊர்களில் கூட்டத்தின் காணொளியே உள்ளூர் கேபிள் சேனலிலும் இணையத்திலும் கிடைக்கும். ஒரே ஒரு கூட்டத்தை முழுசாகப் பாருங்கள். செப்டிக் விலக்கு கேட்டு வந்தவரிடம் எப்படிப் பேசுகிறார், பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபம் சொல்லும்போது காது கொடுக்கிறாரா, சுகாதார அலுவலர் கொடுத்த அறிக்கையைப் படித்துவிட்டு வந்திருக்கிறாரா. இவ்வளவு போதும், எடை போட்டுவிடலாம்.

புதியவர் என்றால் நேரே கேளுங்கள். சின்ன ஊர்களில் வேட்பாளர்கள் சனிக்கிழமை குப்பை கொட்டும் இடத்திலும், பல்பொருள் கடை வாசலிலும் நின்று பேசுவார்கள். என்னைக் கேட்டால், பொதுவாக 'உங்கள் கொள்கை என்ன' என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. குறிப்பாகக் கேளுங்கள்: நம் ஊரில் உணவகச் சோதனை வருடத்துக்கு எத்தனை முறை நடக்கிறது, போதுமான ஆய்வாளர்கள் இருக்கிறார்களா? பக்கத்து ஊர்களோடு சேர்ந்து செவிலியரையும் ஆய்வாளரையும் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொள்வீர்களா? கொசு மருந்து தெளிப்பதில் உங்கள் நிலை என்ன? இதற்குப் பதில் சொல்ல முடியாதவர் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று அர்த்தம்.

குடிநீரில் ஃபுளோரைடு கலப்பது பற்றியும் கேட்கலாம். மாசசூசெட்ஸ் சட்டப்படி அதற்கு உத்தரவிடும் இடம் ஊர்ச் சுகாதார வாரியம்தான். உத்தரவு வெளியானபின் 90 நாளுக்குள் வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால் அந்தக் கேள்வி ஊர் வாக்கெடுப்புக்கு வரும்.

ஊரில் நிற்பவர்கள் மருத்துவர்களாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருத்துவரோ செவிலியரோ வாரியத்தில் ஒருவர் இருந்தால் நல்லதுதான். ஆனால் செப்டிக், கிணற்று நீர், கட்டுமானம் புரிந்த பொறியாளரும் அதே அளவு வேண்டும். நம்மவர்களில் இந்த இரண்டு வகைக்கும் பஞ்சமில்லை.

படி 4: வாக்களிக்கும் நாள்

ஊர்த் தேர்தல்கள் நவம்பரில் வருவதில்லை. பெரும்பாலானவை மார்ச் முதல் ஜூன் வரையிலான வசந்தகாலத்தில், ஊருக்கு ஊர் வேறு தேதியில் நடக்கும். இதனால்தான் பலருக்கும் தவறிப்போகிறது. வாக்குச்சாவடி திறந்திருக்கும் நேரமும் ஊருக்கு ஊர் மாறும். காலை 7 முதல் இரவு 8 வரை என்று நினைத்துக்கொண்டு அலுவலகம் முடிந்து போனால் சில ஊர்களில் கதவு சாத்தியிருக்கும்.

தபாலில் வாக்களிக்க விண்ணப்பிக்கலாம். ஊர்த் தேர்தலுக்குத் தபால் வாக்கு வேண்டாம் என்று செலக்ட் போர்டு முடிவெடுத்திருந்தால், வெளியூரில் இருப்பவர், உடல்நிலை சரியில்லாதவர், மதக் காரணம் உள்ளவர் மட்டும் அப்படி வாக்களிக்க முடியும். விண்ணப்பம் தேர்தலுக்கு முந்தைய 5-ஆவது வேலை நாள் மாலை 5 மணிக்குள் கிளார்க்கிடம் சேர வேண்டும். நிரப்பிய வாக்குச்சீட்டு, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்குள் அவர் கையில் இருக்க வேண்டும். தபால்முத்திரைத் தேதி இங்கே உதவாது. கடைசி நேரமானால் தபாலை நம்பாமல் ஊர் அலுவலகத்துப் பெட்டியில் நேரே போட்டுவிடுங்கள்.

வாக்குச்சீட்டில் 'இருவருக்கு மேற்படாமல்' என்று இருந்தால் இரண்டு பேருக்குப் போடலாம், ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்தவும் செய்யலாம். மூன்று பேருக்குப் போட்டால் அந்தப் பதவிக்கான உங்கள் வாக்கு செல்லாது. யார் பெயரும் பிடிக்கவில்லை என்றால் கீழே உள்ள காலிக் கோட்டில் நீங்கள் விரும்புபவரின் பெயரையும் முகவரியையும் எழுதலாம். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். யாருமே மனுப் போடாத இடங்களில் இப்படிக் கையால் எழுதப்பட்ட சில வாக்குகளிலேயே ஜெயித்து வருகிறவர்கள் உண்டு.

படி 5: நீங்களே நிற்பதானால்

ஊரில் பதிவான வாக்காளராக இருந்தால் போதும். வேட்புமனுத் தாள்களை டவுன் கிளார்க்கிடம் வாங்கவேண்டும். பொதுவாகத் தேர்தலுக்குச் சில மாதம் முன்பே கொடுக்கத் தொடங்குவார்கள். கடைசி நாளில் போய் நின்றால் கிடைக்காது. மனு ஒப்படைக்கும் கெடுவுக்கு, வேலைநாட்களை மட்டும் கணக்கிட்டு 48 மணி நேரம் முன்பே தாளை வாங்கியிருக்க வேண்டும்.

எத்தனை கையெழுத்து? கடைசி மாநிலத் தேர்தலில் அந்த ஊரில் ஆளுநர் பதவிக்கு விழுந்த மொத்த வாக்குகளில் 1 சதவீதம். ஆனால் 50-க்கு மேல் கேட்கமாட்டார்கள். ஓரளவு பெரிய ஊர் என்றால் 50 என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் கட்சிக் கூட்டம் வழியாக வேட்பாளரை நிறுத்தும் பழக்கமும் உண்டு, தனி சாசனம் உள்ள ஊர்களில் விதி கொஞ்சம் மாறலாம். கிளார்க் சொல்வதுதான் முடிவு.

கையெழுத்து வாங்குவதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். கையெழுத்திடுபவர் அந்த ஊரின் பதிவான வாக்காளராக இருக்கவேண்டும். பெயர், வாக்காளர் பட்டியலில் உள்ளபடியோ அதற்கு மிக நெருக்கமாகவோ இருக்கவேண்டும். முகவரியும் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். இங்கேதான் நம் பெயர் வழக்கம் காலை வாரும். நம் சொந்த ஊரில் 'எஸ். குமார்' என்று கையெழுத்துப் போட்டுப் பழகியவர், பட்டியலில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்து 'குமார் சுப்பிரமணியன்' என்று இருப்பார். தாளில் வெறும் 'எஸ். குமார்' என்று கிறுக்கினால் கிளார்க் அலுவலகத்தில் யாரென்று கண்டுபிடிக்க முடியாமல் தள்ளிவிடலாம். போன வருடம் வீடு மாறி, வாக்காளர் பதிவை மாற்றாதவரின் கையெழுத்தும் அப்படித்தான். வாசலில் நின்று வாங்கும்போதே, 'அண்ணா, வாக்காளர் பட்டியலில் இருக்கிற மாதிரியே முழுப்பெயரை எழுதுங்க, முகவரியும் அதே மாதிரி' என்று சொல்லி வாங்குங்கள். கணவருக்கும் சேர்த்து மனைவி கையெழுத்துப் போடுவது, மனைவிக்காகக் கணவர் போடுவது கூடவே கூடாது. உடல் இயலாதவர் வேறொருவரை எழுதச் சொல்லலாம், அதுவும் அவர் முன்னிலையில்.

தாளில் வேறு எதையும் எழுதாதீர்கள், வெட்டி ஒட்டாதீர்கள், மார்க்கர் போடாதீர்கள். அச்சிட்ட தாளை மாற்றினால் அந்தத் தாளே செல்லாமல் போகும். உங்கள் கணக்குக்காக வரிசை எண் எழுதவேண்டும் என்று தோன்றினால் தனி நோட்டில் எழுதுங்கள்.

50 வேண்டும் என்றால் 70 வாங்குங்கள். சட்டப்படி, தேவையான எண்ணிக்கையைவிட ஐந்தில் இரண்டு பங்கு அதிகம்வரைதான் வாக்காளர் பதிவாளர்கள் சரிபார்த்துச் சான்றளிக்கக் கடமைப்பட்டவர்கள். 50-க்கு அது 70. அதற்கு மேல் வாங்குவது வீண் உழைப்பு. அதற்குக் குறைத்து வாங்கினால் நாலைந்து தள்ளுபடியானாலே ஆபத்து.

கெடு தேதிகள் இரண்டு. தேர்தலுக்கு 49 நாள் முன்பு மாலை 5 மணிக்குள் கையெழுத்துத் தாள்களைச் சரிபார்க்கக் கொடுக்கவேண்டும். சான்றளித்த தாள்களை 35 நாள் முன்பு மாலை 5 மணிக்குள் கிளார்க்கிடம் தாக்கல் செய்யவேண்டும். பல ஊர்களில் இரண்டும் ஒரே அலுவலகம் என்பதால் அவர்களே வைத்துக்கொள்வார்கள், ஆனாலும் 'தாக்கல் ஆகிவிட்டதா' என்று கேட்டு உறுதி செய்துகொள்வது உங்கள் பொறுப்பு. நீங்கள் நிற்கச் சம்மதிக்கிறீர்கள் என்ற கையெழுத்தும் தாளில் இருக்கவேண்டும்.

பிரசாரம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கையெழுத்து வாங்கப் போகும் வீடுகளே முதல் பிரசாரம். கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் நம்மவர்களிடம் மட்டும் பேசிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஊரில் எல்லாருக்கும் பொதுவான வேலை இது. ஊரின் முதியோர் மையத்துக்கும் போங்கள், அங்கே இருப்பவர்கள் ஒரு தேர்தலையும் விடமாட்டார்கள். வாக்குச்சாவடியிலிருந்து 150 அடிக்குள் பதாகை பிடிக்கவோ, பெயர் போட்ட சட்டை அணியவோ கூடாது.

படி 6: பணக் கணக்கு

தன் கைக்காசில் நாலு பதாகை அடித்தாலும் கணக்குக் காட்டவேண்டும். ஊர்ப் பதவிக்கு நிற்பவர்கள் கணக்கு அறிக்கையை டவுன் கிளார்க்கிடம் கொடுப்பார்கள்: தேர்தலுக்கு 8 நாள் முன்பு ஒன்று, தேர்தல் முடிந்து 30 நாளில் ஒன்று, வருட முடிவுக்கு ஜனவரி 20-க்குள் ஒன்று. ஒரு பைசா வாங்கவும் இல்லை, செலவழிக்கவும் இல்லை என்றால் அதற்கென்றே ஒரு சின்னப் படிவம் உண்டு. ஒரு தனிநபரிடம் வருடத்துக்கு 1,000 டாலருக்கு மேல் நன்கொடை வாங்கக்கூடாது, ரொக்கம் 50 டாலரைத் தாண்டக்கூடாது. அரசுச் சம்பளம் வாங்குபவர், பொதுப்பள்ளி ஆசிரியர் உட்பட, தேர்தலில் நிற்கலாம். ஆனால் தனக்கென்றாலும் நன்கொடை கேட்கக்கூடாது. அதற்கு வேறு ஆட்களைக் கொண்ட குழு வேண்டும்.

படி 7: எண்ணிக்கையும் அதன் பிறகும்

அதிக வாக்கு வாங்கியவர் ஜெயித்தார், அவ்வளவுதான். பாதிக்கு மேல் வாங்கவேண்டும் என்பதில்லை, இரண்டாம் சுற்றும் இல்லை. சில வாக்குகளில் தோற்றால், தேர்தல் முடிந்த 10-ஆவது நாள் மாலை 5 மணிக்குள் வாக்காளர்களின் கையெழுத்தோடு மறு எண்ணிக்கை கேட்டு மனுக் கொடுக்கலாம். ஊர்த் தேர்தலில் வாக்களிப்பவர்கள் குறைவு என்பதால் வித்தியாசமும் சில சமயம் ஒற்றை இலக்கத்தில் இருக்கும், கேட்பதில் தவறில்லை.

ஜெயித்தவர் முதலில் டவுன் கிளார்க்கிடம் பதவிப் பிரமாணம் எடுக்கவேண்டும். எடுக்காமல் கூட்டத்தில் உட்கார்ந்து வாக்களிக்க முடியாது. இரண்டு வாரத்துக்குள் திறந்த கூட்டச் சட்டத்தைப் பெற்றுப் படித்தேன் என்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். 30 நாளுக்குள், சொந்த லாபமும் பதவிக் கடமையும் மோதுவதைத் தடுக்கும் ஆதாய முரண் சட்டத்தின் சுருக்கத்தைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் தந்து, இணையப் பயிற்சியையும் முடிக்கவேண்டும்.

இந்த இரண்டு சட்டங்களும் வெறும் காகிதம் அல்ல. 3 பேர் வாரியத்தில் 2 பேர் சேர்ந்தாலே கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, ஆகிவிடுகிறது. ஆகவே நீங்களும் இன்னொரு உறுப்பினரும் பட்டேல் பிரதர்ஸில் காய்கறி வாங்கும்போது சந்தித்து, அடுத்த வாரம் வரப்போகும் உணவக அனுமதியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினாலே சட்டமீறல். வாட்ஸாப், மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் இதே விதி. பேசவேண்டியதை 48 மணி நேரம் முன்பே அறிவிப்புப் போட்ட கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பேசவேண்டும். அந்த 48 மணி நேரத்தில் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் சேராது.

ஆதாய முரணில் உறவு முறையை நன்றாகப் பாருங்கள். உங்கள், உங்கள் துணைவரின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லாரும் நெருங்கிய குடும்பமாகக் கணக்கு. மனைவியின் தம்பி நடத்தும் உணவகத்தின் அனுமதி வாரியத்தின் முன் வந்தால் அந்த விஷயத்தில் நீங்கள் கலந்துகொள்ளவே கூடாது. எழுந்து அறைக்கு வெளியே போய்விடுவது நல்லது. பதவியை முன்னிட்டு வரும் 50 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள பரிசுகளையும் வாங்கக்கூடாது. தீபாவளிக்கு யாராவது வெள்ளிக் குத்துவிளக்கு நீட்டினாலும் அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சம்பளம் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில ஊர்களில் சின்னத் தொகை தருவார்கள், பல ஊர்களில் அதுவும் இல்லை.

இடையில் இடம் காலியானால்

உறுப்பினர் வேறு ஊருக்குக் குடிபோனாலோ, ராஜினாமா செய்தாலோ, யாருமே நிற்காமல் இடம் நிரம்பாமல் போனாலோ, மீதி உறுப்பினர்கள் ஒரு மாதத்துக்குள் செலக்ட் போர்டுக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். ஒரு வாரம் அறிவிப்புக் கொடுத்து, செலக்ட் போர்டும் மீதி வாரிய உறுப்பினர்களும் ஒன்றாக உட்கார்ந்து, பெயர் சொல்லி வாக்களித்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் அடுத்த ஊர்த் தேர்தல்வரை பதவியில் இருப்பார். தேர்தலில் நிற்கத் தயங்குபவர்களுக்கு இது நல்ல நுழைவாயில். ஊர் இணையதளத்தில் காலியிட அறிவிப்புப் பக்கத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். விருப்பக் கடிதமும் தன்விவரக் குறிப்பும் அனுப்புங்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால், அதற்கு முன்னால் நடந்த இரண்டு மூன்று கூட்டங்களின் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போங்கள். அங்கே முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும், 'எங்கள் கூட்டம் எதற்காவது வந்திருக்கிறீர்களா?' என்பதாகவே இருக்கும்.